நிலமும் பொழுதும் இல்லாத வழு அறிக்கைகள்

வழு என்னுஞ் சொல் தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்த நெறிகளை உரையாசிரியர்கள் திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு என எழுவகைப்படுத்தினர். எவ்விடத்து ஒரு சொல் வழுவாகின்றது, எவ்விடத்து வழாநிலையாகின்றது, எவ்விடத்து வழுவமைதியாக ஏற்கப்படுகின்றது என்பதை நுணுகி ஆராய்ந்தனர். 'வந்தாள்' என்னுஞ் சொல்லைத் தனியே ஒரு தாளில் எழுதிக் காட்டி, இது வழுவா, வழாநிலையா என்று வினவினால் எந்த இலக்கண ஆசிரியராலும் விடை கூறல் இயலாது. அதன் முன் 'அவன்' என்னும் எழுவாய் நின்றால் அது பால்வழு. 'நாளை' என்னுஞ் சொல் நின்றால் அது காலவழு. எனவே வழு என்பது ஒரு சொல்லின் தனியுடைமையன்று. அச்சொல்லுக்கும் அது நின்ற சூழலுக்கும் இடையேயுள்ள உறவின் பெயரே வழு.

கணினித் துறையினர் மென்பொருளில் நேரும் பிழைக்கு இச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். பொருத்தமான தெரிவு. ஆயின் சொல்லை எடுத்தவர்கள் அச்சொல்லோடு வந்த ஒழுக்கத்தை எடுக்கத் தவறிவிட்டனர். "தமிழ் உடைந்து தெரிகின்றது", "விண்ணப்பம் போகவில்லை", "செயலி இடையிலே நின்றுவிடுகின்றது" என மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் முறைப்பாடுகள் புறப்படுகின்றன. "இங்கே சரியாகத்தான் இயங்குகின்றது" என்று தலைநகரத்து மேசையிலிருந்து மறுமொழி வருகின்றது. இரண்டுமே உண்மை. இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே கோவை மூடப்படுகின்றது. பாதிப்புற்றவன் பாதிப்புற்றவனாகவே இருக்கின்றான். மென்பொருளோ அடுத்த பதிப்புக்கு அதே வழுவுடன் செல்கின்றது.

இந்நிலைக்குக் காரணம் தொழில்நுட்ப அறிவின் குறைபாடு என்று கூறித் தப்பிக்கொள்வதே இன்றைய வழக்கு. அது தவறான நோயறிதல். எந்தக் கணினியில், எந்தப் பணிசெயல் முறைமையின் எந்தப் பதிப்பில், எந்த எழுத்துருவோடு, எவ்வளவு நினைவகம் எஞ்சியிருந்த வேளையில், எந்த நேர வலயத்தில் அது நிகழ்ந்தது என்பவற்றைச் சோதனைப் பதிவேட்டிலே எழுதாமையே காரணம். இம்முறைமைத் தகவல் அற்ற பதிவேட்டுக்குச் சான்றென்னும் தகுதி இல்லை. அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தலைவி வருந்தினாள் என்பது மாத்திரம் தெரிந்தால் அது குறிஞ்சியோ நெய்தலோ என எவரும் அறியார். வழு அறிக்கைக்கும் முதற்பொருள் வேண்டும்.

தமிழைப் பொறுத்தவரை இத்தேவை ஆங்கிலத்துக்கு உள்ளதிலும் பன்மடங்கு பெரிது. இதனை விளக்க ஓரெழுத்தே போதும். 'ஸ்ரீ' என்னும் வடிவத்தை யூனிக்கோடு முறையில் இருவகையாக எழுதலாம். ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி எனத் தொடுப்பது ஒன்று. 2005ஆம் ஆண்டில் யூனிக்கோடு 4.1ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட 'ஶ' என்னும் எழுத்தைக் கொண்டு தொடுப்பது மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றேபோலத் தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒரு விசைப்பலகை ஒன்றைத் தருகின்றது, மற்றொரு விசைப்பலகை மற்றதைத் தருகின்றது. தோட்டப் பாடசாலையொன்றில் ஸ்ரீதேவி என்னும் மாணவியின் பெயர் ஒரு விசைப்பலகையால் பதியப்பட்டு, நகரத்து அலுவலகத்தில் வேறொரு விசைப்பலகையால் தேடப்பட்டால், அப்பெயர் பட்டியலில் இல்லை என்றே கணினி கூறும். பெயர் பட்டியலில் இருக்கின்றது. எழுத்தர் அதனைத் தம் கண்ணாலேயே காண்கின்றார். கணினியோ இல்லை என்கின்றது.

இவ்வழுவை அறிவிக்க முயல்பவன் இயல்பாகச் செய்வது யாது? திரையைப் படம்பிடித்து அனுப்புகின்றான். அப்படத்தில் இரண்டு ஸ்ரீயும் ஒன்றாகவே உள்ளன. வழுவை மறைப்பதற்கு இதனிலும் சிறந்த வழியில்லை. உள்ளிடப்பட்ட விசைப்பலகை யாது, எழுத்துருவும் அதன் பதிப்பும் யாவை, சொல்லின் உள்ளே நிற்கும் குறிமுறை எண்கள் யாவை என்ற மூன்று வரிகள் பதிவேட்டில் இருந்திருந்தால், கொழும்பிலோ சென்னையிலோ இருக்கும் நிரலாளர் அதனைச் சில நிமிடங்களில் மீள நிகழ்த்திக் காட்டியிருப்பார்.

'கொ' என்பதும் இத்தகையதே. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். யூனிக்கோடு விதிப்படி இவை சமமானவை. ஆயினும் சமமானவற்றைச் சமமாக நடத்தாத நிரல்கள் ஏராளம். (இது மென்பொருளுக்கு மட்டும் உரிய குணமன்று.) ஆப்பிள் நிறுவனத்தின் பழைய கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களிலுள்ள இத்தகைய எழுத்துக்களைத் தானாகவே பிரித்துச் சேமித்தது, அக்கோப்பு வேறொரு கணினிக்குச் சென்றபோது தேடலில் அகப்படாது போயிற்று. 'கௌரி' என்னும் பெயரை ஔகாரக் குறியோடு எழுதுவோரும் உளர், கெகரத்தின் பின் ளகரத்தை இட்டு எழுதுவோரும் உளர். இவ்விடத்தில் யூனிக்கோடு சமன்பாடும் இல்லை. இலங்கையில் நெடுங்காலம் ஆட்சிபுரிந்த பாமினி எழுத்துருவோ தனிக்கதை. அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் பாமினியில் எழுதிய கடிதம் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகவே தோன்றும். "தமிழ் உடைந்து தெரிகின்றது" என்ற ஒரே வாக்கியம் இவற்றுள் எதனைக் குறிக்கின்றது? ரெங்கநாதன் விசைப்பலகையா, பாமினி வழக்கா, தமிழ் 99ஆ என்பதைச் சொல்லாமல் அவ்வாக்கியத்தை எழுதுவது, மருத்துவரிடம் சென்று 'வலிக்கின்றது' என்று மாத்திரம் கூறிவிட்டு வாய்மூடி இருப்பதற்கு ஒப்பாகும்.

பொழுதுக்கு வருவோமாயின், இலங்கையைப்போல் இதற்குச் சான்று தரும் நாடு அரிது. 1996 மே 25ஆம் நாள் இந்நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே வந்தன. 2006 ஏப்பிரல் 15இல் மேலும் அரை மணித்தியாலம் பின்னே சென்று பழைய நிலையை அடைந்தன. அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. ஆகவே ஒரு பத்தாண்டுக் காலம் ஒரே தீவினுள் இரண்டு காலை ஆறுமணிகள் இருந்தன. நேர வலய அட்டவணை புதுப்பிக்கப்படாத கணினியொன்று 2006இன் பின்னரும் அரை மணித்தியாலம் வழுவியே நின்றிருக்கும். 'காலை 6.15க்குப் பிழை நேர்ந்தது' என்னும் பதிவு, எந்த வலயத்து 6.15 என்பதைக் கூறாவிடின், காலவழுவேயன்றி வேறில்லை.

'சூழல் பற்றிய தகவல் மிகையானது, பிழைச் செய்தி ஒன்றே போதும்' என்போருக்கு மருத்துவ உலகம் கொடுத்த பாடமொன்று உண்டு. தெராக்–25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளருக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்திற்று; அவர்களுட் சிலர் அதனாலேயே மாண்டனர். 1986இல் ரெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் அடுத்தடுத்து இரு நோயாளர் இவ்வாறு பாதிக்கப்பட்டபோது, திரையில் தோன்றியது 'கோளாறு 54' என்னும் செய்தி மாத்திரமே. முதல் விபத்தின் பின் பொறியைச் சோதித்தவர்களால் அக்கோளாற்றை மீள நிகழ்த்த முடியவில்லை. இரண்டாவது விபத்தின் பின் அம்மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் பொறியை இயக்கிய ஊழியரும் சேர்ந்து மீண்டும் மீண்டும் முயன்று காரணத்தைக் கண்டனர். தவறாக உள்ளிட்ட எழுத்தை ஊழியர் மிக விரைவாகத் திருத்தினால் மாத்திரமே அக்கோளாறு தோன்றிற்று. தொழிலிற் கைதேர்ந்த விரலின் வேகம் அவ்வழுவின் முதற்பொருளாயிருந்தது. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. 54 என்னும் எண் அவ்விருவருக்கும் எதனையும் சொல்லவில்லை.

இதற்கு எதிர்நிலையில் பலரும் வேடிக்கைக் கதையாகக் கூறும் நிகழ்ச்சியொன்று உண்டு. 1947 செப்டெம்பர் 9இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க்–2 கணினியினுள் அகப்பட்ட அந்துப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்த கதை அது. பூச்சியை அனைவரும் நினைவிற் கொள்கின்றனர். அதே வரியிலுள்ள நேரத்தையும் இடத்தையும் எவரும் கவனிப்பதில்லை. பிற்பகல் 3.45, எஃப் பலகை, 70ஆம் இலக்க ரிலே என்றே அப்பதிவு தொடங்குகின்றது. நிலமும் பொழுதும் முன்னே, வழு பின்னே. அப்பதிவேட்டை எழுதியவர்கள் அகத்திணையியல் கற்றவரல்லர். எனினும் முறை தவறவில்லை.

மலையகத்துக்கு இது அயலான அறிவு என எண்ணுவோர் மலையகத்தையே அறியாதவராவர். 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கிற்று. இளந்தளிரையே அழிக்கும் நோயாதலால் அது கொழுந்தின் விளைச்சலை நேரடியாக அறுத்தது. செம்பு சார்ந்த மருந்து தெளித்தல் இதற்குப் பரிகாரம் என்பது விரைவில் தெளிவாயிற்று. ஆனால் எப்போது தெளிப்பது என்பது தெளிவாகவில்லை. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தினர் நோயுற்ற இலைகளை எண்ணியதோடு நில்லாது, அன்றன்றைய வெயில் எத்தனை மணித்தியாலம், மழை எவ்வளவு, இலை எவ்வளவு நேரம் ஈரமாயிருந்தது என்பவற்றையும் கூடவே குறித்தனர். வெயில் குறைந்த நாட்கள் தொடரும்போது நோய் பெருகும் என்பதும், வெயில் அளவைக் கொண்டே மருந்து தெளிக்கும் நாளைத் தீர்மானிக்கலாம் என்பதும் இவ்வாறே பெறப்பட்டன. நோயை மாத்திரம் எண்ணி வானத்தைக் குறியாது விட்டிருந்தால், வெறும் இழப்புக் கணக்கே மிஞ்சியிருக்கும். இன்றும் அந்நிலையத்தின் வயற் பரிசோதனை எதனை எடுத்தாலும் தேயிலை இனத்தின் எண், கடல் மட்டத்திலிருந்து உயரம், கவ்வாத்து வெட்டி எத்தனை ஆண்டு, இட்ட பசளை எவ்வளவு என்பன முதலிலே நிற்கும். இதனை ஏற்று மதிப்பவர்கள், கணினிச் சோதனையிலே இதே கேள்விகளைக் கேட்டால் 'தேவையற்ற விவரம்' என்கின்றனர்.

மேலும் நோக்குக. அட்டனிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தேயிலைப் பொதியின் மீதும் தோட்டத்தின் குறி, தேயிலையின் தரம், விலைப்பட்டியல் எண், மொத்த எடை, தேறிய எடை என்பன எழுதப்பட்டிருக்கின்றன. ஏலத்தில் அதனை வாங்குபவன் அது உயர்நிலத்ததா, இடைநிலத்ததா, தாழ்நிலத்ததா என்பதை அறியாமல் விலை கூறமாட்டான். தேயிலைத் தூளுக்குக் கிடைக்கும் இம்மரியாதை, அத்தோட்டத்துப் பிள்ளையொன்று 'இச்செயலி வேலை செய்யவில்லை' என்று எழுதும் முறைப்பாட்டுக்குக் கிடைப்பதில்லை. அம்முறைப்பாடு ஊரும் பேரும் உயரமுமின்றிக் கொழும்பை அடைந்து அங்கேயே மடிகின்றது.

இதனாலேயே இது கணினி வல்லுநரின் உள்வீட்டு விவகாரமாக நின்றுவிடவில்லை. பல தோட்டங்களில் இப்பொழுது கொழுந்து மின்னணுத் தராசில் நிறுக்கப்படுகின்றது; எடை நேரே கணினிக் கணக்கிற் சேருகின்றது. நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் நாட்சம்பளம் அரைப்பேராகச் சுருங்கக்கூடிய தொழில் இது. சாக்கின் எடைக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றிய மனக்குறை மலையகத்தில் தலைமுறைகளாக உள்ளது. பழைய தராசின் காலத்தில் தொழிலாளி முள்ளைப் பார்க்கலாம், கணக்கப்பிள்ளையோடு வாதிடலாம். மின்னணுத் தராசின் எண்ணோடு வாதிட முடியாது. ஆதலின் அவ்வெண் எங்கிருந்து வந்தது என்பதைப் பதிவேடே கூறவேண்டும்: தராசின் இலக்கம், அது இறுதியாகச் சரிபார்க்கப்பட்ட நாள், மென்பொருளின் பதிப்பு, அந்நிறுவையில் கழிக்கப்பட்ட எடை, மின்கலத்தின் நிலை, கணக்கு மேலே அனுப்பப்பட்ட நேரம். இவை இல்லாமல் பெயரும் கிலோவும் மாத்திரம் உள்ள பதிவேடு தோட்ட நிருவாகத்துக்குச் சான்று, தொழிலாளிக்குச் சான்றன்று.

இதனை மிகைப்படுத்திய அச்சமெனக் கருதுவோர் பிரித்தானிய அஞ்சல் அலுவலகத்தின் வரலாற்றைப் படிக்கட்டும். ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்ட உப அஞ்சல் அதிபர்கள் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். 1999இல் நிறைவேறிய சட்டமொன்று, கணினி சரியாக இயங்கியது எனக் காட்டவேண்டிய பொறுப்பை வழக்குத் தொடுப்போரிடமிருந்து நீக்கியிருந்தது. அதன் பின் கணினி சரியாகவே இயங்கிற்று எனக் கொள்வது வழக்காயிற்று. 2015இல் ஸ்கொத்லாந்தின் டல்மெலிங்டன் என்னும் சிற்றூரில், திரை உறைந்து நிற்க, 8,000 பவுண் வரவு நான்கு முறை பதிவாகி 24,000 பவுண் பற்றாக்குறை தோன்றிற்று. தனது திரையிற் கண்டதை மாத்திரம் சொல்லும் உப அஞ்சல் அதிபரின் சொல்லை எவர் நம்புவார்? மென்பொருளை ஆக்கிய நிறுவனத்திடம் அறியப்பட்ட வழுக்களின் பதிவேடு தனியே இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் கைக்கு அது எட்டவில்லை. 2019 டிசெம்பரில்தான் நீதிமன்றம் அம்மென்பொருளின் வழுக்கள் பற்றாக்குறையைத் தோற்றுவிக்கக்கூடியனவென்று தீர்ப்பளித்தது. 2024இல் தண்டனைகளைத் துடைக்க ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தை நன்கறிந்த, கடையும் வீடும் உடைய மனிதருக்கு இக்கதி நேர்ந்ததென்றால், லயத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சொல்லுக்கு யாது மதிப்பிருக்கும்?

இனி, எதிர்வாதங்கள். 'சாதாரண மக்கள் இத்தனை விவரத்தை எங்ஙனம் தருவர்?' என்பது முதலாவது. கேட்பதற்குக் கருணைபோலத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். முறைமைத் தகவலை மனிதர் எழுதவேண்டியதில்லை, கணினியே எழுதும். டெபியன் இயக்கத்தினர் ஆக்கிய ரிப்போர்ட்பக் என்னும் கருவி, வழுவை அறிவிப்பவர் ஒரு சொல்லும் எழுதுமுன்னரே பணிசெயல் முறைமையின் பதிப்பு, கருநிரலின் பதிப்பு, கணினியின் கட்டமைப்பு, மொழி அமைப்பு, சார்ந்திருக்கும் பொதிகளின் பதிப்புகள் யாவற்றையும் தானே திரட்டி அறிக்கையின் அடியிற் சேர்த்துவிடுகின்றது. பைதன் மொழியில் நிரல்களைச் சோதிக்கும் பைடெஸ்ட் தன் பதிவேட்டைத் தொடங்கும்போதே தளத்தையும் பைதனின் பதிப்பையும் தலைவரியாக அச்சிடுகின்றது. பத்து வரிகளுக்கு மேற்படாத வேலை. இதனைச் செய்யாது விடும் நிரலாளர், பயனாளியின் அறியாமையைப் பற்றிப் பேசும் உரிமையை இழக்கின்றார்.

'வழு நேர்ந்தபோது மாத்திரம் கேட்டுக்கொள்ளலாமே' என்பது அடுத்தது. உயர்தரத்தில் அளவையியல் கற்றவர் எவரும் இதனைக் கூறக்கூடாது. ஜோன் ஸ்ரூவேட் மில் 1843இல் வகுத்த வேற்றுமை முறை யாது? விளைவு தோன்றிய ஒரு சந்தர்ப்பத்தையும் தோன்றாத ஒரு சந்தர்ப்பத்தையும் ஒப்பிட்டு, ஏனையவை ஒத்திருக்க வேறுபடும் ஒன்றையே காரணமெனக் கொள்வது. தோல்விக்கு மாத்திரம் சூழல் குறித்து, வெற்றிக்குக் குறியாது விட்டால் ஒப்பிடுவதற்கு என்ன உண்டு? புத்தம்புதிய கணினியில், தடையற்ற இணைப்பில் நடத்திய சோதனையின் முடிவில் 'வெற்றி' என்று மாத்திரம் எழுதிய பதிவேடு, தோல்வியைக் காட்டும் பதிவேட்டைவிட ஆபத்தானது. எந்தச் சூழலில் வெற்றி என்பது மறைக்கப்பட்டதும் அது எல்லாச் சூழலிலும் வெற்றியென வேடங்கொள்கின்றது. நானுஓயாவின் மூடுபனிக்குள் அறுந்தும் இணைந்தும் ஊசலாடும் இணைப்பிலே, இருமுறை விற்கப்பட்ட பழைய கைபேசியில், நினைவகம் தீர்ந்து பணிசெயல் முறைமையே செயலியை நிறுத்திவிடும் நிலையில் அது ஒருபோதும் சோதிக்கப்படவில்லை என்பதை அவ்வொரு சொல் மூடிவிடுகின்றது. மேலும், வழு நேர்ந்து பல நாட்களின் பின் கேட்டால் அதற்குள் உலாவி தன்னைத் தானே புதுப்பித்திருக்கும். கிடைக்கும் விடை வேறொரு கணினியைப் பற்றியதாகவே இருக்கும்.

மூன்றாவது வாதமே கனமானது. தகவல் திரட்டுதல் என்றாலே மலையக மக்கள் அஞ்சுவர்; அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணம் கேட்டே அவர்கள் நாடற்றோராக்கப்பட்டனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என எண்ணிப் பிரிக்கப்பட்டனர். மிகுந்த 150,000 பேரின் கதி 1974வரை தொங்கி நின்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அக்கணக்கு முடியவில்லை. எண்ணப்படுதலே தண்டனையாயிருந்த மக்களிடம் 'உங்கள் கைபேசியின் விவரங்களை அனுப்புங்கள்' என்று கூறுவோர் எச்சரிக்கையோடு கூறவேண்டும். ஆயின் இவ்வாதத்தின் முடிவு தகவலே வேண்டாம் என்பதன்று. எது பொறியைப் பற்றியது, எது மனிதரைப் பற்றியது என்பதைப் பிரிக்கவேண்டும் என்பதே. பணிசெயல் முறைமையின் பதிப்பு பொறியைப் பற்றியது. அடையாள அட்டை எண், தொலைபேசி எண், கைபேசியின் தனித்த இலக்கம், இருக்குமிடம் என்பன மனிதரைப் பற்றியவை. இவற்றுக்குச் சோதனைப் பதிவேட்டில் இடமில்லை. கணினியில் உறைவிடக் கோப்புறையின் பெயரே பெரும்பாலும் உரிமையாளரின் பெயராக இருப்பதால், கோப்பின் பாதையை அப்படியே பதிவதுங்கூட மறைவாகப் பெயர் எழுதுவதாகும். நல்ல கருவி இதனை நீக்கும். அனுப்புமுன் முழுவதையும் பயனாளியின் கண்முன் வைக்கும். அதுவும் அவர் வாசிக்கும் மொழியில் வைக்கும். ஒரு பிரதியை அவரிடமே விடும். பிரதி அவரிடம் இல்லாத பதிவேடு எத்துணை நுட்பமாயினும் பழைய செக்ரோலே.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் இவற்றையெல்லாம் பொறியியற் பீடத்தின் பக்கம் தள்ளிவிட்டு, கணினித் தமிழின் பெருமையைப் பற்றி மேடையேறி முழங்குவதோடு கடமை தீர்ந்ததென எண்ணுகின்றனர். யூனிக்கோட்டில் தமிழுக்கு இடமுண்டு என மகிழ்பவர், ஸ்ரீக்கு இரு குறிமுறை உண்டென்பதை அறியார். கல்வெட்டுப் படிக்கப் பழகிய கலைப்பீட மாணவர்களே இவ்விடத்தில் முன்வந்திருக்க வேண்டியவர்கள். சோழர் கல்வெட்டொன்று எங்ஙனம் தொடங்குகின்றது? அரசனின் பெயர், ஆட்சியாண்டு, வளநாடு, நாடு, ஊர். அதன் பின்னரே கொடை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களோ இதற்கும் ஒருபடி மேலே செல்கின்றன. பொன் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது, நகைகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன, நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது என, எடையைக் கூறும்போதே எடைக்கல்லின் பெயரையும் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் இராசராசனின் கணக்கர் அறிந்திருந்த இச்செய்தி, மின்னணுத் தராசுக்கு நிரல் எழுதுவோருக்கும் அந்நிரலைச் சோதிப்போருக்கும் அறிவிக்கப்படவேண்டியதாயுள்ளது.

இதற்குப் பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. பதிவேட்டின் தலைவரிகளாக நிற்கவேண்டிய பத்துச் சொற்களுக்கும் தோட்டத்து மக்கள் வாசித்து விளங்கும் தமிழ் வேண்டும். 'முறைமை', 'கருநிரல்' என்னும் சொற்கள் லயத்தில் எவருக்கும் விளங்கா. அதனைப் பாடநூற் கலைச்சொல்லிலிருந்து பிரித்தெடுத்து எழுதுதல் மொழி மாணவரின் வேலை, பொறியியலாளரின் வேலையன்று. விடுமுறைக்கு அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தம் ஊரில் தமிழ் உடைந்து தெரியும் கைபேசியொன்றை எடுத்து, அதன் பணிசெயல் முறைமை, உலாவி, எழுத்துரு, விசைப்பலகை, எஞ்சிய நினைவகம், இணைப்பின் வகை, நேர வலயம் என்பவற்றைக் குறித்து, உடைந்த சொல்லின் குறிமுறை எண்களோடு அம்மென்பொருளை ஆக்கியோருக்கு அனுப்பட்டும். 'இங்கே சரியாக இயங்குகின்றது' என்னும் மறுமொழி மீண்டும் வருமாயின், எங்கே, எந்தப் பதிப்பில், எந்த எழுத்துருவில் என்று அதே பத்து வரிகளை அவர்களிடமும் கேட்கட்டும்.